முதுகுல ஊசியும் நாலு நிமிஷப் பழைய நம்பரும்

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லீங்க. நான் டாக்டரும் இல்லை. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டர் பக்கத்துல நின்னு மருந்து எடுத்துக் கொடுத்து, மிஷினைப் பாத்துக்கற டெக்னீஷியன். சந்தேகம் இருந்தா உங்க டாக்டரைக் கேளுங்க, என்னை மாட்டி விட்டுடாதீங்க :)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ரெண்டு பாரா அடிச்சுட்டு அழிச்சுட்டு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. தங்கச்சிகிட்ட "எழுதட்டுமா?"ன்னு கேட்டேன். "என் பேரைப் போடாம எழுது, உன் தப்பை மறைக்காம எழுது"ன்னு சொல்லிட்டா. ஆக ரெண்டு கண்டிஷனோட ஆரம்பிக்கறேன்.

எங்க ஊரு குப்பனூர். சேலத்துல இருந்து ஏற்காடு போறவங்க முக்காவாசிப் பேர் அந்தப் பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவு ரோட்டுல ஏறிடுவாங்க. மலைக்கு இன்னொரு ரோடு இருக்கு, அது எங்க ஊர்ல இருந்து கொட்டச்சேடு வழியாப் போகுது. மெயின் ரோட்டுல மண்ணு சரிஞ்சாதான் எங்க ஊரு எல்லாருக்கும் ஞாபகம் வரும். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது மலை மேல. மாப்ளைக்குக் கொஞ்சம் காபி, நடுவுல மரத்துல ஏத்தி விட்ட மிளகு. தலைப்பிரசவம்னு ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். 2016.

ஒன்பதாம் மாச ஸ்கேன்ல குழந்தை தலை மேலேயே இருக்கு, திரும்பலைன்னு சொல்லிட்டாங்க. நாள் குறிச்சு சிசேரியன் பண்ணிடலாம்னு முடிவாச்சு. நான் அப்ப வேலை பாத்துக்கிட்டிருந்த ஆஸ்பத்திரியிலேயே. சேலத்துல எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

வீட்டுல அம்மா ஒரே பிடியா நின்னாங்க.

"முதுகுல ஊசி மட்டும் வேண்டாம் சாமி. எதுத்த வீட்டு மருமகளைப் பாரு, அந்த ஊசி போட்டதுல இருந்து குடம் தூக்க முடியலை."

"அம்மா, அது ஊசியால இல்ல..."

"நீ ஆஸ்பத்திரிக்காரன், அப்படித்தான் சொல்லுவ."

இந்த முதுகு வலிக் கதை தமிழ்நாட்டுல சிசேரியன் ஆன எல்லா வீட்டுலயும் ஓடும். ஊசி குத்தின இடம் ரெண்டு மூணு நாள் வலிக்கும், அது நிஜம். வருஷக் கணக்கா வர்ற வலிக்கு ஊசி காரணம்னு ஆராய்ச்சிகள்ல நிரூபணம் ஆகலை. ஊசி போடாம சுகப்பிரசவம் ஆனவங்களுக்கும் அதே மாதிரி முதுகு வலி வருது. பத்து மாசம் சுமந்து, அப்புறம் குனிஞ்சு உக்காந்து பால் கொடுத்தா வராம என்ன பண்ணும்? ஆனா இதை எங்கம்மாகிட்ட சொல்லி ஜெயிச்சவங்க யாரும் இல்லை.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில மட்டும் பாத்தா 63.8. இவ்வளவு தேவையாங்கறது வேற சண்டை, அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். அதுல பெரும்பாலானவங்களுக்கு முதுகுல போடற ஊசிதான். முழு மயக்கத்தைவிட இதைத்தான் டாக்டர்கள் விரும்புவாங்க. நிறைமாசத்துல தொண்டையில குழாய் போடறது ரிஸ்க். முழு மயக்க மருந்து கொஞ்சம் குழந்தைக்கும் போகும். அம்மா முழிச்சுக்கிட்டு இருந்தா குழந்தை அழறதைக் காதால கேக்கலாம்.

இந்த "காதால கேக்கலாம்"ங்கறதை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வரும்.

ஊசியோட கதை 1898ல ஆரம்பிக்குது. ஜெர்மனியில கீல் நகரத்துல ஆகஸ்ட் பியர்னு ஒரு சர்ஜன் முதல் தடவையா ஒரு ஆபரேஷனுக்கு முதுகுத் தண்டுல மருந்து போட்டார். அப்ப மருந்து கொக்கெயின்! அப்புறம் அவரும் அவரோட அசிஸ்டென்ட்டும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் சோதனை பண்ணிப் பாத்தாங்க. மரத்துப் போச்சான்னு பாக்க அசிஸ்டென்ட் காலைத் தட்டி, சுருட்டால சுட்டு... முடிச்சுட்டு ராத்திரி ஒயின் குடிச்சு சுருட்டுப் பிடிச்சு கொண்டாடினாங்களாம். அதுக்கப்புறம் பியர் தலைவலியில ஒரு வாரத்துக்கு மேல படுத்த படுக்கை. இன்னைக்கும் ஸ்பைனல் போட்டவங்களுக்கு அபூர்வமா வர்ற தலைவலி அதேதான். ஊசி இப்ப ரொம்ப மெல்லிசாயிடுச்சு, அதனால குறைஞ்சிருக்கு.

தலைவலியைவிட அடிக்கடி வர்றது, தியேட்டர்ல எங்க வயித்துல புளியைக் கரைக்கறது பி.பி இறங்கறதுதான். ஏன் இறங்குதுன்னு எங்க தோட்டத்தை வெச்சுச் சொன்னாத்தான் எனக்கே புரியும்.

எங்களுக்கு மூணு ஏக்கர் மரவள்ளி. ஒரே போர், ஒரே மோட்டார். சொட்டு நீர் போட்டு, நாலு பகுதியாப் பிரிச்சு நாலு கேட் வால்வு. ஒண்ணை மூடிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கணும். ஒரு நாள் அப்பா ஊர்ல இல்லாதப்ப நான் புத்திசாலித்தனமா நாலையும் ஒண்ணாத் திறந்து விட்டுட்டு செல்போனை நோண்டிக்கிட்டிருந்தேன். மோட்டார் அதே மோட்டார்தான், தண்ணி அதே தண்ணிதான். ஆனா கடைசி வரிசையில ஒரு சொட்டு விழலை. பிரஷர் போயிடுச்சு.

ஸ்பைனல்ல நடக்கறது அதேதான். முதுகுல போடற மருந்து வலி நரம்பை மட்டும் தூங்க வைக்காது. காலுக்கும் வயித்துக்கும் போற ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கற நரம்புகளையும் சேத்துத் தூங்க வெச்சிடும். சிசேரியனுக்கு நெஞ்சு வரைக்கும் மரத்துப் போகணும், அதனால கீழ இருக்கற அத்தனை கேட் வால்வும் ஒரே நேரத்துல திறந்துக்கும். ரத்தம் எல்லாம் கால்ல தங்கும். போதாக்குறைக்கு நிறைமாசக் கர்ப்பப்பை, மல்லாக்கப் படுக்கும்போது முதுகெலும்புப் பக்கம் ஓடற பெரிய ரத்தக் குழாய் மேல உக்காந்துக்கும், ஓஸ் மேல எருமை படுத்த மாதிரி. இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தமே குறைஞ்சிடும். அதுக்குத்தான் வலது இடுப்புக்குக் கீழ ஒரு மெத்தைத் துண்டு வெச்சு இடது பக்கம் சாய்ச்சுப் படுக்க வைக்கறோம். ஜப்பான்ல 2015ல எம்.ஆர்.ஐ எடுத்துப் பாத்ததுல, வழக்கமா சாய்க்கற 15 டிகிரி பெருசா பிரயோஜனம் இல்லை, 30 டிகிரி சாய்ச்சாத்தான் அந்தக் குழாய் கொஞ்சமாவது விரியுதுன்னு தெரிஞ்சுது. 30 டிகிரி சாய்ச்சா அம்மா டேபிள்ல இருந்து உருண்டுடுவாங்க, சர்ஜன் நம்மளை உருட்டிடுவார் :)

இதுல கடைசி வரிசைச் செடி யாருன்னு நினைக்கறீங்க? குழந்தை. அம்மாவோட மூளைக்குப் போற ரத்தம் பிரஷர் ஓரளவு இறங்கினாலும் தன்னைத்தானே சமாளிச்சுக்கும். நஞ்சுக்கொடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அம்மாவோட பிரஷர் எவ்வளவோ அவ்வளவுதான் அதுக்கு ரத்தம்.

இவ்வளவும் எனக்கு 2016லயே தெரியும். பரீட்சைக்குப் படிச்சது. அதான் விஷயமே.

அன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு தங்கச்சியை உள்ள கூட்டிக்கிட்டு வந்தாங்க. பச்சை கவுன், தலையில தொப்பி. என்னைப் பாத்ததும் சிரிச்சா. டேபிள்ல உக்கார வெச்சு, கால் ரெண்டும் தொங்கப் போட்டு, தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காரச் சொன்னோம். சிஸ்டர் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. மேடம் ஊசி போட்டாங்க. மயக்க டாக்டர் மேடம், கை சுத்தம்னா அவங்க கைதான், ஒரே குத்து. உடனே படுக்க வெச்சு, இடுப்புக்குக் கீழ மெத்தை வெச்சோம்.

பி.பி முதல் தடவை எடுத்தது 9.41க்கு. 116/72. அருமை.

மானிட்டர் பி.பியைத் தானா எடுக்கும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு நாமதான் வைக்கணும். ஸ்பைனல் போட்ட உடனே குழந்தை வெளிய வர்ற வரைக்கும் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இதை வைக்கறது என் வேலை. அதுக்கு முன்னாடி கேஸ் ஒரு குடலிறக்கம், அதுல பாதிக்கு மேல அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு நானே மாத்தி வெச்சிருந்தேன். அதைத் திரும்ப மாத்தலை. ஏன் மாத்தலைன்னு கேட்டா பதில் கிடையாது. தங்கச்சிங்கற பதட்டத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன், அவ்வளவுதான்.

மேடம் ஸ்பிரிட் பஞ்சை வெச்சு "இங்க ஜில்லுன்னு இருக்காம்மா? இங்க?"ன்னு எங்க வரைக்கும் மரத்திருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. சர்ஜன் துணி விரிச்சு முடிச்சிருந்தார்.

"அண்ணா..."

"என்ன கண்ணு?"

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

நான் மானிட்டரைப் பாத்தேன். 116/72.

"ஒண்ணும் இல்ல கண்ணு. பயம்தான். பி.பி எல்லாம் சூப்பரா இருக்கு பாரு."

"இல்லண்ணா... காது அடைக்குது. குமட்டுது."

"மூச்சை நல்லா இழுத்து விடு."

மேடம் திரும்பிப் பாத்தாங்க. அவங்க பாத்தது பி.பியை இல்லை, பல்ஸை. விரல்ல மாட்டின கிளிப்ல இருந்து வர்ற பல்ஸ் அந்தந்த நொடி நிலவரம். 132.

"பி.பி எப்ப எடுத்தது?"

எனக்கு அப்பதான் உறைச்சுது. 116க்குக் கீழ சின்ன எழுத்துல 9.41ன்னு இருக்கு. மணி 9.45. மேடமே எட்டி பட்டனை அமுக்கினாங்க. பி.பி பட்டை ஊதி, இறங்கி, நம்பர் வர்றதுக்கு அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அந்த அரை நிமிஷத்தை நான் என் வாழ்நாள்ல மறக்க மாட்டேன். தங்கச்சி முகம் வெள்ளைக் காகிதம், உதட்டுக்கு மேல முத்து முத்தா வேர்வை. கண்ணு மேல போகுது.

68/34.

அப்புறம் எல்லாம் கடகடன்னு நடந்துச்சு. டிரிப்பை முழுசாத் திறந்து விட்டோம், காலைத் தூக்கினோம், மெத்தையை இன்னும் உள்ள தள்ளினோம். "மெபன்டர்மைன் கொடு." அதுலயும் ஒரு கூத்து. பாட்டில் இருக்கு, கரைச்சு சிரிஞ்சுல ஏத்தி வைக்கலை. ஏத்தி வெச்சிருக்கணும். என் கை நடுங்கி முதல் ஊசி கீழ விழுந்துச்சு. மேடம் ஒரு வார்த்தை திட்டலை. வாங்கிப் போட்டாங்க, காத்திருந்தாங்க, திரும்பப் போட்டாங்க. 82. அப்புறம் 96. அப்புறம் 108.

அதுக்குள்ள சர்ஜன் குழந்தையை எடுத்துட்டார். பையன். கொஞ்சம் சோர்ந்து வந்தான். குழந்தை டாக்டர் முதுகைத் தேய்ச்சு, வாயை உறிஞ்சி விட்டதும் வீல்னு அழுதான். ஒண்ணும் ஆகலை. இன்னைக்கு மூணாங்கிளாஸ், வால்.

அவன் அழுத நேரம் தங்கச்சி முகத்தை ஒரு பக்கமாத் திருப்பி கிட்னி டிரேயில வாந்தி எடுத்துக்கிட்டிருந்தா. அந்த டிரேயைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்.

வார்டுக்கு வந்தப்புறம் எல்லாரும் சந்தோஷம். மாப்ள கண் கலங்கிட்டார். அம்மா சர்ஜனுக்கு பெரிய ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை, நானும் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாம் நாள் தங்கச்சி மட்டும் கேட்டா. "ஏண்ணா, பையன் பொறந்த உடனே அழுதானா? எல்லாரும் கேட்டோம்ங்கறாங்க. எனக்குக் கேக்கவே இல்லையே."

"நல்லா அழுதான்"னு சொல்லிட்டு காபி வாங்கப் போயிட்டேன்.

மேடம் ஒரு வாரம் கழிச்சு டீ குடிக்கும்போது சொன்ன ஒரே விஷயம்: "பேஷன்ட் 'ஒரு மாதிரியா இருக்கு'ன்னு சொன்னா அதுதான் முதல் மானிட்டர். நம்பர் அதுக்கப்புறம்தான் வரும்." தலைக்குப் போற ரத்தம் குறைய ஆரம்பிச்ச உடனே குமட்டும், காது அடைக்கும், கொட்டாவி வரும். நம்ம ஊர்ப் பொண்ணுங்க இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை தேட மாட்டாங்க. "ஒரு மாதிரியா இருக்கு", அவ்வளவுதான். அதை நாங்க பயம்னு சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கோம். எத்தனை பேருக்குன்னு கணக்குப் பாக்க எனக்கு தைரியம் இல்லை.

அந்த வருஷத்துக்கு அப்புறம் நான் இதைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

பி.பி இறங்கினா ஏத்தறதுக்கு ரெண்டு வகை மருந்து. ஒண்ணு, மோட்டாரை வேகமா ஓட வைக்கறது. இதயத்தை அடிச்சு ஓட்டும், கூடவே குழாயையும் கொஞ்சம் இறுக்கும். எபிட்ரின் இந்த வகை. நம்ம நாட்டுல ரொம்பப் புழங்கற மெபன்டர்மைனும் இதோட பங்காளிதான். (சமீப வருஷங்கள்ல ஜிம்முக்குப் போற பசங்க ஊசியாப் போட்டுக்கிட்டு போலீஸ்ல மாட்டறாங்கன்னு பேப்பர்ல வருதே, அதே மெபன்டர்மைன். கொடுமை.) ரெண்டாவது வகை, திறந்து கிடக்கற கேட் வால்வை மூடறது. பினைல்எப்ரின். பேரு புதுசா இருக்கா? வீட்டுல இருக்கற சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, பலதுல இந்தப் பேரு இருக்கும். மூக்குல வீங்கின குழாயைச் சுருக்க மாத்திரையில போடறாங்க, இங்க ஊசியில.

ரொம்ப வருஷமா எபிட்ரின்தான் ராஜா. 1970கள்ல ஆடுகள்ல பண்ணின சோதனையில குழாயைச் சுருக்கற மருந்துகள் கர்ப்பப்பைக்குப் போற ரத்தத்தைக் குறைக்குது, எபிட்ரின் குறைக்கலைன்னு வந்துச்சு. அதையே வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் மனுஷங்க மேலயே ஒப்பிட்டுப் பாத்தப்ப நிலைமை தலைகீழ். எபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போயிடுது, தொப்புள் கொடி ரத்தத்துல அமிலம் ஏறுது. பினைல்எப்ரின்ல அது குறைவு. ஆடு சொன்னதை நம்பி இத்தனை வருஷம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 2004ல வந்த ஒரு ஹாங்காங் ஆராய்ச்சி. நான் தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுக்கு 12 வருஷம் முன்னாடி. வார்விக் நான் கீங்கற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் பண்ணினது. சிசேரியனுக்கு வந்த பெண்களை மூணு குழுவாப் பிரிச்சு, ஊசிக்கு முன்னாடி இருந்த மேல் பிரஷர்ல 80 சதவீதத்துல ஒரு குழுவை, 90ல ஒரு குழுவை, 100லயே ஒரு குழுவை வெச்சிருக்கப் பாத்தாங்க. பழைய அளவுலயே வெச்சிருந்தவங்களுக்குத்தான் குமட்டலும் வாந்தியும் ரொம்பக் குறைவு, குழந்தையோட ரத்தமும் அவங்களுக்குத்தான் நல்லா இருந்துச்சு. அதாவது விழட்டும், விழுந்தா தூக்கிக்கலாம்னு இல்லை. விழவே விடாதே.

2018ல பல நாட்டு நிபுணர்கள் சேந்து ஒரு ஒருமித்த கருத்தா இதையே எழுதினாங்க. மேல் பிரஷரை ஆரம்ப அளவுல 90 சதவீதத்துக்குக் குறையாம வெச்சிருக்கப் பாக்கணும், 80க்குக் கீழ போகவே விடக் கூடாது. ஊசி போட்ட கையோடயே பினைல்எப்ரினை பம்ப்ல மெதுவா ஓட விடணும், நிமிஷத்துக்கு 25ல இருந்து 50 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு. டிரிப்பை ஊசிக்கு முன்னாடியே ஏத்திக்கிட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை, ஊசி போடும்போதே வேகமா ஏத்தலாம். அந்தக் கணக்குப்படி 116ல ஆரம்பிச்ச என் தங்கச்சிக்கு 104க்குக் கீழ போயிருக்கக் கூடாது. போனது 68.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. இங்க வர்ற பினைல்எப்ரின் ஆம்ப்யூல் ஒரு மில்லியில 10 மில்லிகிராம். அதை நூறு மடங்கு கரைச்சாத்தான் கொடுக்கற அளவுக்கு வரும். கரைக்கறதுல ஒரு சைபர் தப்பினா ஆபத்து. அதனால கரைச்சு, லேபிள் ஒட்டி, இன்னொருத்தர்கிட்ட காட்டி... எல்லாம் கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. நம்ம ஆளுங்க மெபன்டர்மைனை விடாததுக்கு இது ஒரு காரணம்னு எனக்குத் தோணும். விலையும் பழக்கமும் இன்னொரு காரணம். மெபன்டர்மைன் கொடுத்து நல்லபடியா முடிஞ்ச கேஸ் ஆயிரக்கணக்குல பாத்திருக்கேன், அதைத் தப்பு சொல்லலை. ஏத்தாம வெச்சிருந்தவன்தான் தப்பு.

2022ல தங்கச்சிக்கு ரெண்டாவது. திரும்பவும் சிசேரியன்தான். நான் அதுக்குள்ள வேற ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். அதே மேடம் அங்கயும் வருவாங்க. சேலத்துல மயக்க டாக்டர்கள் ஒரு நாளைக்கு நாலு ஆஸ்பத்திரி சுத்தறவங்கதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தோம். மழை பெய்ஞ்சு விட்டிருந்துச்சு, மலை மேல மேகம் இறங்கி நின்னுச்சு. தங்கச்சி திடீர்னு, "இந்தத் தடவை முழு மயக்கம் கொடுக்கச் சொல்லிடு. முதுகுல ஊசி வேண்டாம்."

"அம்மா சொன்னாங்களா?"

"அம்மா முதுகு வலின்னு சொல்றாங்க. எனக்கு அது இல்ல. அன்னைக்கு நான் செத்துட்டேன்னு நினைச்சேன். உங்கிட்ட சொன்னேன், நீ பயம்னு சொன்ன. எனக்கே நான் பயந்தாங்கொள்ளிதான்னு ஆயிடுச்சு. இன்னொரு தடவை அப்படி பயப்பட முடியாதுண்ணா."

ஆறு வருஷம். ஆறு வருஷமா அவ அதைத் தன் பயம்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா.

சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷ செட்டிங், 9.41, ஏத்தாம வெச்சிருந்த மருந்து, கீழ விழுந்த ஊசி, 68. கேட் வால்வுக் கதையும் சொன்னேன். அவளுக்கு அது புரிய ரெண்டு நிமிஷம் ஆகலை, நாலு வால்வையும் நான் திறந்து விட்ட அன்னைக்கு அவதான் ஓடிப் போய் மூடினவ.

ரொம்ப நேரம் பேசலை. எனக்குக் கை கால் ஓடலை. அப்புறம்,

"அப்ப அது என் பயம் இல்ல."

"இல்ல கண்ணு."

"நான் சொன்னது நிஜம்."

"ஆமா."

"எருமை" என்றாள். ஓஸ் மேல படுத்த எருமையைச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும் :) கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்தத் தடவை ஒழுங்கா வைப்பியா?"

ரெண்டாவது தடவை நான் உள்ள நிக்கணுமா, வேற ஆளை விடலாமான்னு மேடம்கிட்டயே கேட்டேன். சொந்தக்காரங்க கேஸ்ல நிக்காம இருக்கறதுதான் முறை. மேடம், "கையைப் பிடிக்க வர்றதா இருந்தா கையை மட்டும் பிடி. வேலைக்கு வேற பையன் இருக்கான்"னு சொல்லிட்டாங்க. சரியான முடிவு. ஆனாலும் முதல் நாள் ராத்திரி அந்தப் பையன் எழுதின லேபிளை மூணு தடவை சரிபாத்தேன். காலையில மானிட்டர்ல "1 நிமிஷம்"னு இருக்கான்னு அவன் முன்னாடியே அமுக்கிப் பாத்தேன். அவன் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான். நினைக்கட்டும்.

ஊசிக்கு முன்னாடி 114. ஊசி உள்ள போனதும் படுக்க வெச்சு, மெத்தை, டிரிப், பம்ப் எல்லாம் ஒண்ணா. ஒரு நிமிஷம், 112. ரெண்டு, 109. மூணு, 115. தங்கச்சி கண்ணை மூடிக்கிட்டே கேட்டா.

"எவ்வளவுண்ணா?"

"நூத்திப்பதினஞ்சு."

"பழசா, புதுசா?"

மேடம் மாஸ்க்குக்குள்ள சிரிச்சது கண்ணுல தெரிஞ்சுது. "புதுசு தாம்மா. அரை நிமிஷம் கூட ஆகலை."

ஒரு தடவை பல்ஸ் 54க்கு இறங்குச்சு. இந்த மருந்து குழாயை இறுக்கும்போது இதயம் தானா நிதானமாகும், எதிர்பாத்ததுதான். மேடம் பம்ப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க, ஏறினதும் குறைச்சு ஓட விட்டாங்க. அவங்க கண்ணு தங்கச்சி முகம், மானிட்டர், பம்ப், திரும்ப முகம்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. துணிக்கு அந்தப் பக்கம் நடக்கற ஆபரேஷன்தான் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கம் ஒரு மனுஷி நிமிஷத்துக்கு நிமிஷம் வால்வைத் திருகிக்கிட்டே உக்காந்திருக்கறது பிரசவ அறைக்கு வெளிய நிக்கற யாருக்கும் தெரியாது.

தங்கச்சிக்கு ஏசி குளிர்ல உடம்பு நடுங்குச்சு, குமட்டல் இல்லை. மிளகுக்கு இந்த வருஷம் விலை இல்லைன்னு மேடம்கிட்ட புலம்பிக்கிட்டிருந்தா. பாதி புலம்பல்ல துணிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல். பொண்ணு. தங்கச்சி பேச்சை நிறுத்தி, வாயைத் திறந்தபடியே கேட்டுக்கிட்டிருந்தா. கண்ணுல இருந்து ரெண்டு பக்கமும் காதுக்குள்ள தண்ணி ஓடுச்சு. நான் துடைச்சு விட்டேன். இந்தத் தடவை டிரேயைப் பிடிக்க வேண்டி இருக்கலை.

வெளிய அம்மா வழக்கம்போல சர்ஜனுக்கு ஸ்வீட் பாக்ஸ். மேடம் அதுக்குள்ள அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு தங்கச்சி மலையில இருந்து இறங்கி வந்தா. கையில ஒரு பை, சொந்தக் காட்டுக் காபிக் கொட்டையை வறுத்து அரைச்சது. "அந்தம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ"ன்னா. கூட்டிக்கிட்டுப் போனேன். மேடம் கதவைத் திறந்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, அவளைப் பாத்து முழிச்சாங்க.

"என் தங்கச்சி மேடம். அன்னைக்கு..."

"ஐயோ, தப்பா நினைக்காதம்மா. உங்களை எல்லாம் தலைமாட்டுல உக்காந்து தலைகீழாவே பாத்துப் பழக்கம். நேராப் பாத்தா அடையாளம் தெரியறதில்ல."

தங்கச்சி, "பழசா புதுசான்னு கேட்டேனே மேடம்"னா.

"ஓ, நீயா!"

காபிப் பொடியை வாங்கி மோந்து பாத்தாங்க. சிக்கரி கலந்திருக்கான்னு கேட்டாங்க. கலக்கலைன்னா. உக்காரச் சொல்லிட்டு பால் வைக்க உள்ள போனாங்க.